மனம் மாறினால் உடம்பையும் பாருங்கள்



இடம்பெயர்ந்து அலைந்த குடும்பங்களோடு பேசும்போது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. நன்றாயிருந்த பிள்ளை திடீரென எரிந்து விழுகிறது, காரணமின்றி அழுகிறது, படிப்பில் பின்தங்குகிறது. வயல்வேலையையும் வீட்டுவேலையையும் ஒன்றாய்ச் சுமந்த பெண் பேச்சுக் குறைந்து, மறதி கூடி, மூலையில் ஒதுங்கிவிடுகிறாள்.

இதற்கு எமது ஊர்களில் இரண்டு விளக்கங்கள் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, "ஏதோ பார்த்துப் பயந்திருக்கிறது" என்பது. அப்படியானால் கட்டாடியாரிடம் போய் நூல் கட்ட வேண்டும், நாவூறு கழிக்க வேண்டும். மற்றது, "பட்ட துன்பம் கொஞ்சமா? எல்லாம் யோசனைதான்" என்பது. இந்த இரண்டாவது விளக்கத்தைப் பரப்பியதில் எம்மைப் போன்று கிராமங்களில் வேலை செய்பவர்களுக்கும் பங்குண்டு. அது பொய்யுமல்ல. 1990இலும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும், 2006–2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வெளியேறிய நாட்களிலும் மட்டக்களப்பு மக்கள் இழந்தவை கொஞ்சமல்ல. அந்த இழப்புகள் மனதை வாட்டியே தீரும்.

ஆனால் மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கலாம். எமது உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி, எமது மூளையைத் தாக்கலாம். அப்போது நோய் மனத்தின் மாற்றமாகவே முதலில் வெளியே தெரியும். இதற்கு மருந்து உண்டு. காலம் தாழ்த்தினால்தான் ஆபத்து. ஆகவே இந்த இதழில் இதைப்பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

காவல்காரன் தவறும்போது

வயலில் இரவுக் காவலுக்கு ஒருவரை வைக்கின்றோம். பன்றி வந்தால் விரட்ட வேண்டும், யானை வந்தால் வெடி போட வேண்டும். அதுபோல எமது இரத்தத்திலும் காவல்காரர் இருக்கின்றனர். கிருமி உள்ளே வந்தால் அதன் உருவத்தை அடையாளம் கண்டு, அதற்கு எதிராக ஒரு பொருளை உடம்பு செய்கிறது. பாடசாலைப் புத்தகங்களில் இதனைப் பிறபொருளெதிரி என்பார்கள். கிருமியில் ஒட்டி, அதை அழிக்க உதவுவதே இதன் வேலை.

சில வேளைகளில் இந்த அடையாளம் காண்பதில் பிழை நேர்கிறது. இளம் பயிரிலே கோழிச்சூடனும் நெல்லும் ஒன்றுபோல் நிற்கும். பழக்கமில்லாதவர் களை பிடுங்க இறங்கினால் நெல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார். அதேபோல ஒரு கிருமியின் உடற்பொருளும் எமது உடம்பின் ஒரு பகுதியும் ஒத்த சாயலில் இருந்தால், கிருமிக்கென்று செய்யப்பட்ட பிறபொருளெதிரி எமது உடம்பையே தாக்கும். இன்னும் சில நோய்களில் எந்தக் கிருமியும் இல்லாமலே இத்தாக்குதல் தொடங்குகிறது. இவற்றைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்கின்றோம். இவை தொற்று நோய்களல்ல. ஒரே கோப்பையில் குடித்தாலும் ஒரே பாயில் படுத்தாலும் மற்றவருக்கு வரமாட்டா.

தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி

இப்படி உடம்பு தன் மூளையையே தாக்கும் என்பதை வைத்திய உலகம் அறிந்துகொண்ட வழிகளில் ஒன்று, எங்கள் முதியவர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் ஊசியாகும். முன்பு நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி, நாளுக்கொன்றாக இரண்டு கிழமை அளவில் ஊசி போட்டார்கள். 1911இல் இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற வைத்தியர் உருவாக்கிய மருந்து அது. விசர்நாய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து அதைத் தயாரித்தனர். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அவ்வகை மருந்து செய்யப்பட்டது.

அந்த ஊசி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. எனினும் அதில் ஆட்டு மூளையும் கலந்திருந்தது. சில நூறு அல்லது சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், ஊசி போட்டவரின் உடம்பு அந்த ஆட்டு மூளைக்கு எதிராகக் கிளம்பி, தன் மூளையையும் முள்ளந்தண்டு நரம்பையும் சேர்த்துத் தாக்கியது. கை கால் வழங்காமற் போனது, அறிவு மயங்கியது. 1987இல் தாய்லாந்தில் இவ்வாறானவர்களை ஆராய்ந்த வைத்தியர்கள், நரம்பின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்திற்கு எதிரான பிறபொருளெதிரிகளை அவர்களிடம் கண்டனர். இலங்கையில் இவ்வூசி 1990களில் கைவிடப்பட்டது. இந்தியாவில் 2004 டிசம்பரில் நிறுத்தப்பட்டது.

இதை வாசித்துவிட்டு யாரும் நாய்க்கடிக்கு ஊசி போடப் பயப்பட வேண்டாம். இப்போது வைத்தியசாலைகளில் போடப்படும் மருந்தில் மூளைப் பொருள் இல்லை. ஊசிகளின் எண்ணிக்கையும் குறைவு. நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

முகாமில் வந்த தொண்டை நோ

இனி எமது பிள்ளைகளுக்கு மிக நெருங்கிய ஒரு நோயைப் பார்ப்போம். இடம்பெயர்ந்த காலத்தில் ஒரு பாடசாலை வகுப்பறையில் பல குடும்பங்கள் படுத்தெழும்பியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2011 ஜனவரி வெள்ளத்திலும் அதுவே நடந்தது. நெருக்கமாகப் படுக்கும் இடத்தில் இருமலோடும் தும்மலோடும் இலகுவாகப் பரவும் கிருமிகளில் ஒன்று ஸ்ரெப்டோகொக்கஸ். அது பிள்ளைகளுக்குத் தொண்டை நோவையும் காய்ச்சலையும் கொடுக்கும். சில நாட்களில் தானே மாறிவிடும். "கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், சுகமாகிவிட்டது" என்று தாய் நினைப்பாள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு அத்தோடு சரி. ஆனால் சிலருக்கு இரண்டு மூன்று கிழமைகளின் பின் மீண்டும் காய்ச்சல் வந்து, முழங்கால், கணுக்கால், முழங்கை என்று மூட்டுகள் மாறி மாறி வீங்கி நோகும். இதுவே வாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயது வரையான பிள்ளைகளையே இது அதிகம் பிடிக்கும். தொண்டைக் கிருமிக்கு எதிராக உடம்பு செய்த பிறபொருளெதிரி, மூட்டையும் இதய வால்வையும் கிருமியென்று எண்ணித் தாக்குவதால் இது வருகிறது.

அதே பிறபொருளெதிரி சில பிள்ளைகளில் மூளையையும் தாக்கும். இந்த நிலை தொண்டை நோ வந்து மாதங்கள் கழித்தும் தோன்றலாம். ஆகவே பெற்றோர் இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. முதலில் மாறுவது பிள்ளையின் குணம். தொட்டதற்கெல்லாம் கோபம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை. படிப்பில் கவனமில்லை. பிறகு கையெழுத்துக் குழம்பும். கையில் இருக்கும் தேநீர்க் கோப்பை விழும். முகம் கோணும், தோள் துடிக்கும், கை கால் தம்பாட்டில் ஆடும். நித்திரையில் மட்டும் எல்லாம் அடங்கிவிடும். ஆசிரியர் "குழப்படி" என்று அடிப்பார். வீட்டில் "பேய் ஆட்டுகிறது" என்பார்கள்.

இந்நோய் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். 1686இல் இதனைத் தெளிவாக எழுதிவைத்தவர் தோமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கிலேய வைத்தியர். அவர் பெயராலே சிடன்ஹாமின் கொரியா என்று அழைக்கப்படுகிறது. எமது பிள்ளைகள் வேலை தேடிப் போகும் கொரியா நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கிரேக்க மொழியில் நடனம் என்பதிலிருந்து வந்த சொல் இது. ஐரோப்பாவில் முற்காலத்துக் கிறிஸ்தவர்கள் இத்தகையவர்களைப் புனித வீத்துஸின் திருத்தலத்திற்குக் கொண்டு சென்று மன்றாடினார்கள். அதனால் புனித வீத்துஸின் நடனம் என்ற பெயரும் வந்தது. ஆகவே நோயைப் பேயென்று எண்ணிய பிழை எம்மவர்க்கு மட்டும் உரியதல்ல.

வைத்தியர் பார்க்கும் அடையாளங்களுள் ஒன்று, மாடு வைத்திருக்கும் எமக்கு இலகுவில் விளங்கும். பிள்ளையிடம் தம் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். பிள்ளையின் பிடி ஒரே சீராக நில்லாமல், பால் கறப்பது போல இறுகியும் தளர்ந்தும் இருக்கும். வைத்திய நூல்களிலும் இதற்குப் பால் கறப்பவரின் பிடி என்றே பெயர்.

பிள்ளையின் குணம் ஏன் மாறுகிறது? மூளையின் ஆழத்தில் எமது அசைவுகளைச் சீர்செய்யும் பகுதி ஒன்று உண்டு. உணர்ச்சிகளையும் கவனத்தையும் அடக்கியாளுவதிலும் அதற்குப் பங்குண்டு. பிறபொருளெதிரி தாக்குவது அந்தப் பகுதியையே. கையும் மனமும் ஒரே நேரத்தில் கட்டுப்பாடு இழப்பது இதனால்தான். பிள்ளை வேண்டுமென்று செய்வது இதில் எதுவுமில்லை. அடிப்பதால் மாறவும் மாட்டாது.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஆட்டம் பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும். கெட்ட செய்தி, அதோடு விட்டுவிட்டால் இதயம் பழுதாகலாம். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இதய வால்வும் பாதிக்கப்பட்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளை வளர்ந்து, வயிற்றிற் பிள்ளையைச் சுமக்கும் காலத்தில் மூச்சு வாங்கும்போதுதான் தெரியவரும். உலகில் இவ்வாறு இதயம் பழுதானவர்கள் 4 கோடிக்கும் மேற்பட்டோர்.

கிளினிக் கொப்பியும் சேர்ந்து வரட்டும்

இந்நோயை வராமலே தடுக்கலாம். 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், போர்வீரர்கள் நெருக்கமாகத் தங்கியிருந்த வாரன் படைமுகாமில் தொண்டை நோ பரவியது. பெனிசிலின் கொடுக்கப்பட்டவர்களுக்கு வாதக் காய்ச்சல் மிக அரிதாகவே வந்தது. கொடுக்கப்படாதவர்களுக்கு அதிகம் வந்தது. தொண்டை நோ தொடங்கி 9 நாட்களுக்குள் பெனிசிலின் தொடங்கினால் போதும், வாதக் காய்ச்சலைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பது அதன்பின் உலகம் எங்கும் பின்பற்றப்படும் விதி. குளிசை கொடுத்தால் 10 நாட்களும் கொடுத்து முடிக்க வேண்டும். மூன்றாம் நாள் சுகம் கண்டதும் மிச்சத்தை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைப்பது கூடாது.

ஒருமுறை வாதக் காய்ச்சலோ கொரியாவோ வந்த பிள்ளைக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் இதயம் மேலும் பழுதாகும். எனவே 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதயம் பாதிக்கப்படாவிட்டால் குறைந்தது 5 ஆண்டுகள் அல்லது 21 வயது வரை, பாதிக்கப்பட்டிருந்தால் அதைவிட நெடுங்காலம். எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

இடம்பெயர்வு இங்கேதான் எம்மைக் கொல்கிறது. ஓடும் அவசரத்தில் காணி உறுதியை எடுக்கின்றோம், அடையாள அட்டையை எடுக்கின்றோம், நகையிருந்தால் மடியில் கட்டுகின்றோம். கிளினிக் கொப்பி கூரையில் செருகியபடி இருந்துவிடும். போன இடத்தில் எந்த ஊசி, எத்தனையாம் திகதி என்று சொல்லத் தெரியாது. இரண்டு மாதம் தவறும், பிறகு ஆறு மாதம். பிள்ளைக்கு ஒன்றுமில்லையே என்று அத்தோடு கைவிடப்படும். ஆகவே உறுதியோடும் அடையாள அட்டையோடும் ஒரே பொலித்தீன் உறையில் கிளினிக் கொப்பியையும் வையுங்கள். பிள்ளைக்கு எழுத வாசிக்கத் தெரிந்தால் ஊசியின் பெயரையும் அடுத்த திகதியையும் அதற்கே மனப்பாடம் செய்வியுங்கள். இடம் மாறினால் எந்த அரசாங்க வைத்தியசாலையிலும் காட்டித் தொடரலாம்.

வெயிலுக்கு ஆகாத நோய்

பெண்களிடம் அதிகம் காணப்படும் வேறொரு நோய் லூப்பஸ். பாதிக்கப்படும் 10 பேரில் 9 பேர் பெண்கள். பிள்ளைபெறும் வயதில் உள்ளவர்களே அதிகம். இதில் உடம்பின் காவல் பல உறுப்புகளை ஒருங்கே தாக்கும். காலையில் விரல் மூட்டுகள் விறைத்து நோகும். வெயிலில் நின்றால் கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் சிவக்கும். முடி கொட்டும். வாயில் புண் வரும். காரணமில்லாத காய்ச்சல் வந்து வந்து போகும். சிறுநீரகம் பாதித்தால் கால் வீங்கும்.

நாற்று நடும் பெண் இதனை வேலைக் களைப்பு என்றே எண்ணுவாள். அதோடு மறதியும் மனச்சோர்வும் சேரும். சொல்ல வந்த சொல் வாயில் வராது. அடுப்பில் உலை வைத்ததை மறப்பாள். கடுமையானால் வலிப்பு வரும், இல்லாத குரல் கேட்கும், வீண் சந்தேகம் வரும். 1999இல் அமெரிக்க மூட்டுவாத வைத்தியர்களின் கழகம், லூப்பஸ் நோயால் மூளையிலும் நரம்பிலும் மனத்திலும் வரக்கூடிய 19 வகைப் பாதிப்புகளை வகுத்துக் காட்டியது. மனச்சோர்வும் மறதியும் அவற்றுள் அடங்கும்.

இந்நோயை முற்றாக மாற்றமுடியாவிட்டாலும் அடக்கி வைத்து நல்ல வாழ்வு வாழலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இதற்குக் கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் குளிசை சிலருக்கு நித்திரையைக் குறைத்து மனத்தையும் குழப்பும். அப்படியானால் வைத்தியரிடம் சொல்லுங்கள். தாமாகவே திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

கழுத்தின் முன்புறமுள்ள தைரொயிட் சுரப்பியையும் உடம்பு தாக்கலாம். 1912இல் ஹஷிமோட்டோ என்ற யப்பானிய வைத்தியர் இதனை முதலில் விளக்கினார். சுரப்பி சோம்பினால் மனிதரும் சோம்புவர். உடம்பு பெருக்கும், மலச்சிக்கல் வரும், குளிர் தாங்காது, குரல் கரகரக்கும், நினைவு மந்தமாகும், எதிலும் விருப்பமிராது. ஓர் இரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். நாளுக்கொரு முறை எடுக்கும் குளிசையால் சீராக்கலாம்.

சில நாட்களில் முற்றும் நோய்

இன்னொன்று அரிதானது, ஆனால் மிக வேகமானது. நல்ல சுகமாயிருந்த இளம்பெண் ஒரு சில நாட்களில் அல்லது கிழமைகளில் நித்திரையின்றி, சம்பந்தமில்லாமல் பேசி, பயந்து, பின்னர் வலிப்பு வந்து, பேச்சற்று விறைத்துப் போகிறாள். 2007இல் அமெரிக்காவில் யோசெப் டல்மோ என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் இதற்குக் காரணமான பிறபொருளெதிரியைக் கண்டுபிடித்தனர். மூளையில் நினைவுக்கும் சிந்தனைக்கும் தேவையான ஒரு வாங்கியை அது தாக்குகிறது. சில பெண்களில் சூலகத்தில் உள்ள கட்டியே இதற்குத் தூண்டுகோல்.

2009இல் நியூயோர்க் நகரில் சூசன்னா கஹலன் என்ற இளம் பத்திரிகையாளருக்கு இந்நோய் வந்தது. மனநோய் என்றும் மதுவினால் வந்தது என்றும் பலரும் எண்ணினர். சுஹேல் நஜ்ஜார் என்ற வைத்தியர் ஒரு தாளைக் கொடுத்து மணிக்கூடு வரையச் சொன்னார். அவர் 12 எண்களையும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டார். மூளையின் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது என்று வைத்தியர் அதிலிருந்து ஊகித்தார். சிகிச்சையால் அவர் தேறி, 2012இல் தன் அனுபவத்தை நூலாக எழுதினார். இந்நோய் கண்ட 577 பேரைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வில், 10 பேரில் 8 பேர் வரை இரண்டு ஆண்டுகளில் நன்கு தேறியிருந்தனர். சிகிச்சையை முந்தித் தொடங்கியவர்களே அதிகம் நலமடைந்தனர்.

துக்கமும் நோயும் ஒன்றாய் இருக்கலாம்

டெங்குக் காய்ச்சல் கண்டவர்களுக்குத் தெரியும், காய்ச்சலோடு மனமும் படுத்துவிடும். சாப்பாட்டிலும் பேச்சிலும் விருப்பமில்லை, தனியே கிடக்கத் தோன்றும். உடம்பின் காவல் மூளைக்கு அனுப்பும் செய்தி அது: "படு, ஓய்வெடு." காய்ச்சல் விட்டதும் அச்செய்தி நிற்கும். தன்னுடல் தாக்கு நோய்களில் அது மாதக்கணக்காக நிற்பதில்லை. டென்மார்க்கில் சுமார் 35 இலட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய நோய்க்காக வைத்தியசாலை சென்றவர்களுக்கு மனநிலைக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 45 வீதம் அதிகம் என்று காட்டியது.

ஆகவே மனத்துன்பம் எல்லாம் இந்நோயே என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலோருக்குத் துக்கம் துக்கம்தான். அதற்கு ஆறுதலும் உளவளத்துணையும் வேண்டும். ஆனால் மகனை இழந்த தாய்க்கும் லூப்பஸ் வரலாம். இரண்டும் ஒன்றாய் இருக்கலாம். ஒன்றைக் கண்டு மற்றதை மறக்கக்கூடாது என்பதே நாம் சொல்ல வந்தது.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

மனமாற்றத்தோடு பின்வருவனவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

1. அண்மையில் அல்லது சில மாதங்களுக்கு முன் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்திருந்தால்.
2. மூட்டு வீக்கம், மாறி மாறி வரும் மூட்டு நோ, காலை விறைப்பு.
3. கை, முகம், நாக்கு தம்பாட்டில் அசைதல், பொருட்கள் கையிலிருந்து விழுதல்.
4. வெயில் பட்டு முகம் சிவத்தல், முடி கொட்டுதல், வாய்ப்புண்.
5. நல்ல சுகமாயிருந்தவர் சில நாட்களில் முற்றாக மாறிப் போதல்.
6. வலிப்பு, பேச்சுக் குழறல், நினைவு தடுமாறல். இவை அவசரமானவை. உடனே 1990 இலக்கத்திற்கு அழைத்துச் சுவசெரிய வண்டியை வரவழையுங்கள். கட்டணமில்லை.

வைத்தியரிடம் போகும்போது "பிள்ளை குழப்படி" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன காய்ச்சல் வந்தது, உடம்பில் என்ன மாற்றம் கண்டீர்கள், எந்த மருந்து எடுத்தீர்கள் என்பதை வரிசையாய்ச் சொல்லுங்கள். மறந்துபோகுமென்றால் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உடல் நோய்க்கும் மன நோய்க்கும் வைத்தியர்கள் உள்ளனர். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின், படுவான்கரையிலிருந்து துறையில் பாதைக்குக் காத்திருந்த காலமும் போய்விட்டது.

கோயிலுக்குப் போவதையோ, ஆலயத்தில் மன்றாடுவதையோ நாம் தடுக்கவில்லை. நோயாளிக்கும் வீட்டாருக்கும் அது தெம்பு தரும். வைத்தியரையும் மருந்தையும் கடவுளே படைத்தார், அவர்களை மதியுங்கள் என்பது சீராக் ஞான நூல் காட்டும் வழி. நூல் கட்டுவதானால் கட்டுங்கள். ஆனால் அந்தப் பிள்ளையை அடிக்கவோ, புகையில் நிறுத்தவோ, கட்டிவைக்கவோ ஒருவரையும் விடாதீர்கள். கட்டிய நூலோடே அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஏற்றி வைத்தியரிடம் கொண்டு போங்கள்.